முதல் மோப்பம்

யாருடைய ரத்தச் சர்க்கரை இறங்குவதை முதன்முதலில் மோந்து சொல்கிறதோ, அவருக்கு மட்டுமே அந்த நாய் ஆயுள் முழுக்கக் காவல். அதன் மூக்கை அப்படித்தான் செய்திருந்தார்கள். சர்க்கரை இறங்கித் தூக்கத்திலேயே இரண்டு முறை நினைவிழந்த மகள் நறுமுகையைப் பயிற்சி மையத்துக்கு அழைத்து வந்திருந்த வசுமதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாயையே பார்த்திருந்தாள்.

நாய் நறுமுகையின் விரல்களை முகர்ந்தது. பிறகு திரும்பி வந்து வசுமதியின் முழங்காலில் முன்னங்காலை வைத்து விடாமல் குரைத்தது.

பயிற்சியாளர் எபனேசர் பதறினார். "ஏம்மா, நீங்க காலையில சாப்டீங்களா?"

"நேத்துலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படல சார். நாய் பாப்பாவுக்கு அமையணும்னு விரதம்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு. இனி அது உங்க நாய்தான். மாத்த முடியாதும்மா. முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்று குளுக்கோஸ் வில்லையை நீட்டினார்.

வசுமதி வாங்கவில்லை. பட்டினி கிடப்பதைத் தவிர அன்பு காட்ட வேறு வழி தனக்குத் தெரியாமலே போனது எப்படி என்று நினைத்தாள்.

"நல்லா இருந்தியேம்மா விரதம்!" என்று நறுமுகை சிரித்தாள். சர்க்கரை இறங்கும்போது வருவதுபோல் சொற்கள் குழறி வந்தன. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

வசுமதி வில்லையைப் பறித்து மகளின் வாயில் திணித்து, அவளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாய் நறுமுகையின் பக்கம் திரும்பவே இல்லை. வசுமதியின் முந்தானையைக் கவ்வி இழுத்து, அவளைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தது.