லிங்கம்மாவின் கல்

"ஏன்னா, இந்தப் பென்சிலைக் கொஞ்சம் சீவி வெச்சுடுங்கோ. அரை மணி கண்ணை மூடிண்டு வந்து மிச்சத்தைப் பார்க்கறேன்."

செலுவம்பா கடைசியாகச் சொன்னது அதுதான். கணவர் கேசவமூர்த்தி பென்சிலைச் சீவி புரூஃப் கட்டின்மேல் வைத்தார். நாலரைக்குக் காபியோடு போய் எழுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை.

மைசூரைச் சுற்றியுள்ள ஊர்களின் சரித்திரமாகப் பதினோரு புத்தகம் எழுதியவள். அவள் திருத்திக்கொண்டிருந்தது முதல் புத்தகத்தின் புதுப் பதிப்பு. வம்பெல்லாம் அதன் கடைசி அத்தியாயத்தில்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்து ஏரி ஒன்றை வெட்டியது பாளையக்காரர் அல்ல, செக்கு ஆட்டிப் பிழைத்த லிங்கம்மா என்கிற விதவை என்று எழுதியிருந்தாள்.

ஆதாரம், கரையில் கிடந்த ஒரு கல்வெட்டு. வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றி, கறுப்பு மை தட்டி மைப்படியும் எடுத்தாள். அந்த மைப்படி பஸ்ஸில் தொலைந்தது என்பாள். அடுத்த மாதம் கரை வேலைக்கு வந்தவர்கள் கல்லையும் எங்கோ தூக்கிப்போய்விட்டார்கள். நோட்டை யார் நம்புவார்கள்?

முப்பத்தெட்டு வருஷமாக அவள் எந்த மேடையில் ஏறினாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "கல் எங்கே மேடம்?"

அந்தக் குரலைத் தொடங்கிவைத்தவர் அவளுடைய சித்தி பிள்ளை ஹரிப்ரசாத். கல்லூரியில் சரித்திர வாத்தியார்.

பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து பந்தி கலைந்த பிறகு, அதே ஹரிப்ரசாத் வாசலில் வந்து நின்றார். வேட்டியில் முழங்கால்வரை சேறு.

கேசவமூர்த்திக்குச் சுரீரென்றது. பதிப்பகத்துக்காரர் முந்தாநாள்தான் போன் செய்திருந்தார். "மேடமும் இல்லை, ஆதாரமும் இல்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துடலாமா சார்? ஹரிப்ரசாத் சாரையும் ஒரு வார்த்தை கேட்கறேன்" என்றிருந்தார்.

"சண்டைக்கு இன்னிக்குத்தான் நாள் பார்த்தியாடா?" என்றார் கேசவமூர்த்தி.

"சண்டைக்கு வரலை அத்திம்பேரே. மொதல்ல இதைப் பாருங்கோ."

நீட்டிய போனில் ஒரு கல். சேறு கழுவிய கறுப்புக் கல்.

"ரோடு அகலப்படுத்தறா. வாய்க்கால் பாலத்தைப் பேர்த்தப்போ, பலகைக்கல்லாக் கவுத்துப் போட்டிருந்தது புரண்டுடுத்து. எழுத்து இருக்கேன்னு ஜேசிபி டிரைவர் நிறுத்திட்டான், புண்ணியவான். ரெண்டு நாளா நான் அங்கேயேதான் கிடக்கேன். பல் தேய்க்கற பிரஷ்ஷால தேய்ச்சேன்."

"என்ன எழுதியிருக்கு?" கேசவமூர்த்தி போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒன்பது வரி. அக்கா புஸ்தகத்துல போட்டது ஒரு எழுத்து மாறலை. அதே ஏரி, அதே செக்கு, அதே லிங்கம்மா."

கேசவமூர்த்தி அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். பதிமூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழிய. உள்ளேயிருந்து மகள் வசுதா பயந்து ஓடி வந்தாள். போனை வாங்கிப் பார்த்தவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா பொய் சொல்லலைப்பா!"

"அவ என்னிக்குடி சொன்னா?"

"நான்தான் சொன்னேன், பொய்க்காரின்னு" என்றார் ஹரிப்ரசாத். "அதுவும் மைக்கைப் பிடிச்சுண்டு. இந்தக் கல்லு ஒரு மாசம் முந்திப் புரண்டிருக்கப்படாதா? அவ கால்ல விழுந்திருப்பேன்."

"விழுந்தாலும், 'அதுக்கு ஆதாரம் எங்கே'ன்னு கேட்டு ஒரு குறிப்பு எழுதி வெச்சிருப்பா" என்றார் கேசவமூர்த்தி. மூவரும் சிரித்தார்கள்.

பதிப்பகத்துக்கு ஹரிப்ரசாத்தே சொல்லிவிட்டாராம். அத்தியாயம் அப்படியே இருக்கும். அட்டையில் கல்லின் படம். ஹரிப்ரசாத்தின் மன்னிப்பு, அவர் பெயரிலேயே, முன்னுரையாக. கேட்கக் கேட்கக் கேசவமூர்த்தியின் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. இனி எந்தப் பின்வரிசையிலும் எவனும் எழுந்து நிற்க முடியாது.

"மொதல்ல கால் அலம்பிண்டு வாங்கோ மாமா. ஒப்பட்டுப் போளி இருக்கு, சாப்பிடுங்கோ" என்று வசுதா இலை போட்டாள்.

ஹரிப்ரசாத் நெய்யைக் குழைத்தபடியே சொன்னார். "அந்த மைப்படியை மட்டும் பஸ்ல விடாம இருந்திருந்தா, பாவம், இத்தனை பேச்சுக் கேட்டிருக்க வேண்டாம்."

"அதுக்கப்புறம் பஸ் ஏறினா அம்மா பை வாரை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திண்டுடுவா" என்றாள் வசுதா. "சாமராஜநகர் வரைக்கும் அவிழ்க்க மாட்டா. கை சிவந்துபோயிடும். 'ஒரு தரம் கோட்டை விட்டவடி நான்'ம்பா."

கேசவமூர்த்தி ஹரிப்ரசாத்தின் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

"ஒண்ணு கேட்கணும் அத்திம்பேரே" என்றார் ஹரிப்ரசாத். "ஊரே சந்தேகப்பட்டது. சில நாள் அக்காவே, 'நான் சரியாத்தான் படிச்சேனா'ன்னு கலங்கிப்போயிருக்கா. நீங்க கல்லைப் பார்த்ததுகூட இல்லை. உங்களுக்கு மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வரலையே, எப்படி?"

"ஆத்துக்காரியை நம்பாம வேற யாரை நம்பறது? நீ சாப்பிடுடா."

மைப்படி எடுத்த அந்த வாரம் ஏரியிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தவளின் பையைப் பிரித்தவர் அவர்தான். கரி அப்பிய பழங்காகிதம் என்று விடிகாலையில் அதை வெந்நீர் அடுப்பில் செருகியபோது, தீயின் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாய் ஒன்பது வரி தெரிந்தது. காய்ச்சல் விட்டு எழுந்தவள் வீடெல்லாம் தேடிவிட்டு, "பஸ்லயே விட்டுட்டேன் போலிருக்கு" என்று அழுதபோது, "இருக்கும்" என்றார் கேசவமூர்த்தி. அந்தப் பதிலை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை.