பிடிகம்பி

மெக்கானிக்கும் அவன் மச்சானும் பதினோரு வருஷம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். காரின் பின் டிஃபரென்ஷியலைப் பிரித்துக் கட்டும்போது, உள்ளே இருக்கும் பினியன் பல்சக்கரம் சுற்றாதபடி மச்சான் நீளக் கம்பியால் பிடித்துக்கொள்வான். இவன் நட்டை முறுக்குவான். மச்சானுக்குப் பேச்சு ஓயாதே தவிர, பிடி நழுவியதே இல்லை. அவன் செத்து இரண்டு மாதம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் மெக்கானிக் கம்பியை மாட்டிவிட்டுத் தனியாக முறுக்கினான். முழு எடையையும் போட்டு முறுக்கியதில் பேரிங்கின் ஆட்டம் நின்றது. வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோதுதான், கம்பிக்கு முட்டுக் கொடுக்க மறந்தது தெரிந்தது. அது எதிலும் படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் தள்ளினாலே சுற்ற வேண்டியது, இரண்டு கையால் தள்ளியும் அசையவில்லை.

அடுத்து, கம்பியை எடுத்துவிட்டுப் பினியனைச் சுற்றி, பேரிங்கின் இறுக்கத்தை அளக்க வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் "விடு மச்சான்" என்பான். வாயைத் திறந்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான்.

போன் அடித்தது. அவன் மனைவி, மச்சானின் தங்கை. இரண்டு மாதத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டிருந்தான்.

"சாப்பிட வரலையா? எல்லாம் ஆறிப்போச்சு."

"முடிஞ்சிருச்சு. அளக்கிறது ஒண்ணுதான் பாக்கி. உங்கண்ணன் கம்பியப் புடிச்சிட்டு நிக்கிறான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அந்தப் பக்கம் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"விடச் சொல்லிடாதீங்க" என்றாள். "இதோ வந்துட்டேன்."