முழு வருகை

கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது நான் பத்துப் பேருக்கும் அன்றைய வருகையைப் போட்டு முடித்திருந்தேன்.

மணி எட்டரை. ஒரு பிள்ளைகூட இன்னும் வந்திருக்கவில்லை.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு முன்பே வருகை வந்துவிடும். நான் தலைமை ஆசிரியையாக வந்த நாள் முதல் அதுதான் வழக்கம்.

பட்டியலில் இருப்பதே பத்துப் பெயர். வருகை பத்துக்குக் கீழே போனால் சர்க்கார் பணமான கிராண்டை நிறுத்திப் பள்ளியை மூடிவிடுவோம் என்று போன மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வாரம் ஒருநாள் சோதனைக்கு ஆள் வரும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

அதனால்தான் நானும் சத்துணவு சமைக்கும் தாணம்மாளும் திருவட்டாறிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தோம். எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி. அவளுக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். சட்டையை உள்ளே விட்டு, பழுப்பு ஷூ போட்டிருந்தார்கள். வயதில் பெரியவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வருகைப் பதிவேட்டப் பார்க்கணும் டீச்சர்."

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். அவர் தான் யார் என்று சொல்லக்கூட இடம் கொடுக்காமல், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்து பழம்பெருமை பேச ஆரம்பித்தேன்.

அலமாரியில் இருப்பது 1881ஆம் வருடப் பதிவேடு. திருவிதாங்கூர் சர்க்கார் எங்கள் சபைப் பள்ளிக்கு முதன்முதலாகக் கிராண்ட் கொடுத்த வருடம் அது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எத்தனை தலை இருக்கிறதோ அதை வைத்துத்தான் கிராண்ட். முப்பத்தொரு பெயர், முப்பத்தொன்றும் ஆஜர். கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

செத்தவர்களைப் புதைத்த கணக்கு எழுதும் சபையின் அடக்கப் புத்தகத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. அதே முப்பத்தொரு பெயரில் ஆறு பெயர் அதிலும் இருக்கிறது, அதே வாரத்தில். காலரா.

அன்றைய ஏசுஅடிமை உபாத்தியார் பக்கத்து ஊரிலிருந்து ஆறு பிள்ளைகளை இரவல் வாங்கி, செத்தவர்களின் பெயரைக் கூப்பிட்டதும் ஆஜர் சொல்லப் பழக்கிவிட்டாராம். கல்லறைக்குப் போனவனையும் பெஞ்சுக்குக் கூட்டிவந்த மனிதர் என்று ஆசிரியர்கள் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். எனக்கு அவர்மேல் மரியாதைதான். அவர் இல்லையென்றால் பள்ளி அன்றே மூடியிருக்கும்.

பெரியவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. மேசையிலிருந்த பதிவேட்டை எடுத்து, நேற்றைய கட்டத்தில் விரலை வைத்தார்.

"நேத்து பத்து பேரும் வந்தாங்களா?"

"ஒரு பிள்ளகூட முடங்கேல்ல சார்."

"ஜினிஷா?"

நான்காம் வகுப்பு ஜினிஷா நேற்று வரவில்லை. அவள் மாதத்தில் பாதி நாள் வரமாட்டாள். அம்மா நாகர்கோவிலில் ராத்திரி வேலை பார்க்கிறவள். காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்ப வீட்டில் ஆளில்லை.

டீ கொண்டுவந்த தாணம்மாள் கதவருகே நின்றுவிட்டாள். பிள்ளைகளை எண்ணி முட்டை வைக்கிறவள், அவளுக்குத் தெரியாதா. என்னைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

இத்தனை பேரில் ஒரு பெயரை மட்டும் சொல்லிக் கேட்கிறார் என்றால் யாரோ கோள்மூட்டியிருக்கிறார்கள். வெறும் 'வந்தாள்' போதாது என்று தோன்றியது.

"வந்தா சார். மத்தியானம் முட்ட தின்னா. ஏழாம் வாய்ப்பாடு தெத்தாம சொன்னா. நாலு மணிக்கு நானே வாசல் கேட்டு வரைக்கும் கொண்டு விட்டேன்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்திவிட்டது. பெரியவரின் முகம் தெளிந்தது. கூட வந்தவர் நேற்றைய கட்டத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. டீயை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் டீயைத் தொடாமல் போனில் யாரையோ அழைத்தார்.

"எஸ்.ஐ. பேசுறேன். பிள்ளை நேத்து நாலு மணி வரைக்கும் ஸ்கூல்லதான் இருந்திருக்கு. நேத்து காலையில ஒன்பது மணிக்கு குவாரிப் பக்கம் பார்த்தேன்னு சொன்னானே, ரப்பர் பால் வெட்டுறவன், அவன் ஆளு மாறிச் சொல்றான். அங்க தேட வேண்டாம். கருங்கல் ஊரு பஸ் ஸ்டாண்டு கேமராவப் பாருங்க. பிள்ளையோட அம்மாகிட்டயும் சொல்லிருங்க."



அந்தக் குவாரியை எனக்குத் தெரியும். கல் எடுத்து முடித்துக் கைவிட்டது. பக்கவாட்டில் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. அதன் ஓரமாகத்தான் பிள்ளைகள் குறுக்குவழியாகப் பள்ளிக்கு வருவார்கள்.

சொல்லிவிடு, பள்ளி போனால் போகட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பயமாக இருந்தது. பிள்ளையை நினைத்துப் பயந்தேனா, என்னை நினைத்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"டீச்சர்…" என்றாள் தாணம்மாள், மெதுவாக.

போனில் அந்தப் பக்கம் யாரோ அவசரமாக ஏதோ சொன்னார்கள். பெரியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சத்தமா? கீழே இருந்தா?"

அவர் பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிச்சயம்தானே என்று கேட்கிற பார்வை.

நான் தலையசைத்தேன்.

"நாயா இருக்கும்" என்றார் போனில். "கயித்த மேல எடுங்க."