பொத்திய கண்

வீட்டு ஜன்னலில் இழுத்து மூடிய திரையின் ஓரமாக ஒரு கீற்று மதிய வெயில் நுழைந்து, பேருந்து ஓட்டுநரின் வலது கண்ணில் ஊசியாய் இறங்குகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண்ணுக்குள் அழற்சி என்று மருத்துவர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. சிவப்பு மறைந்ததும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். போன வாரம் அது திரும்பி வந்துவிட்டது. இப்போது மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. அக்கா குப்பியைக் குலுக்கி, அவர் கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு துளி விடுகிறாள். "போன தடவை மாதிரி மகராசன் நீயா நிறுத்திடாதே. டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்." அவர் "ம்" என்கிறார். அந்தக் கண்ணுக்கு எதிர்ச் சுவரில் புகை போன்ற துணுக்குகள் நீந்துவதாகத் தெரிகிறது. அவற்றைப் பார்க்கச் சகிக்காமல் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்துகிறார். நல்ல கண்ணுக்குச் சுவர் வெறுமையாகத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு கரும்புள்ளி மேலிருந்து மெல்ல இறங்குகிறது. இமைத்துப் பார்க்கிறார், போகவில்லை. "என்னடா, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?" அவர் பொத்திய கையை எடுக்காமல் அவளைப் பார்க்கிறார். புள்ளி அவள் நெற்றியின் மேல் வந்து நிற்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்கிறார். "கிளம்புக்கா, இப்பவே டாக்டர்கிட்ட போவோம்," என்கிறார். "இந்தக் கண்ணுலயும் வந்துருச்சு."