மூன்றாம் நாள் பால்

இருளாண்டி அண்ணன் பால் தூக்கை எங்கள் வாசற்படியில் வைத்தார்.

என் மகன் அருளப்பனைப் புதைத்த மறுநாள் சாயங்காலம் அது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். என் கணவர் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு மூணாம் நாளு, உபதேசியாரே. எங்க மாட்டுப் பாலுதான். இன்னிக்கு மட்டும் தண்ணி கலக்கல."

அவர் பாலில் தண்ணீர் கலப்பது பெம்பான் ரப்பர் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

என் கணவர் தூக்கைப் பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போ, அந்தோணி" என்றார். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அண்ணனைக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"பால மண்ணுதான் குடிக்கும்னு அன்னிக்கு எங்கிட்ட சொன்னீங்க. சரிதான். ஒங்க புள்ள மேல கெடக்குற மண்ணுக்கும் தாகமா இருக்கும்லா?"

சொல்லிவிட்டுத் தூக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார். குத்திச் சொன்னாரா, இரங்கிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் என் கணவரும் இப்போது இல்லை.

செத்தவர்களுக்கு மூன்றாம் நாள் குழியில் பால் ஊற்றுவது எங்கள் சனங்களின் வழக்கம். ஞானஸ்நானம் வாங்கி வேதத்துக்கு வந்தவர்கள் அதைச் செய்யக் கூடாது என்பது என் கணவரின் போதனை. மலாக்காவிலிருந்து பூசை வைக்கச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், சவத்துக்கு முன்னால் சிலுவை பிடித்து நடப்பதும் உபதேசியாரான இவர்தான்.

முந்திய வருஷம், அருளப்பனைக் கொண்டுபோன இதே காய்ச்சலில் இருளாண்டி அண்ணனின் மகள் மீனம்மா போனாள். மூன்றாம் நாள் அண்ணன் பால் செம்போடு கல்லறைக்கு வந்தார். எல்லார் முன்னாலும் அந்தச் செம்பைப் பிடுங்கி, மண்தான் இதைக் குடிக்கும் என்று சொல்லி, பாலை வேலிக்கு வெளியே கொட்டியவரும் இவர்தான்.

நான் தூக்கை உள்ளே எடுத்துப்போனேன். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, மூடினேன்.

"காலையில நான் போறேன்" என்றேன்.

"போகக் கூடாது. அவன் குழியில இல்ல. சருவேசுரன்கிட்ட இருக்கான்."

சருவேசுரன் துவக்கமும் முடிவும் இல்லாதவர். சரீரம் இல்லாதவர். எங்கும் நிறைந்தவர். ஞானோபதேசத்தில் வரும் இதெல்லாம் எனக்கும் மனப்பாடம். அருளப்பன் விளையாடப் போகும் அவசரத்தில் அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். நடுவில் ஒன்றை விழுங்கிவிடுவான். அப்பா கண்டுபிடித்துத் திரும்பக் கூப்பிடுவார்.

அவனுடைய சட்டை இன்னும் கொடியில் கிடந்தது.

"சருவேசுரனோட மகன் மூணாம் நாள் எந்திரிச்சிட்டாரு" என்றேன். "அந்த மூணு நாளும் பெத்தவரு என்னங்க பண்ணிக்கிட்டிருந்தாரு?"

அவர் வாயைத் திறந்தார்.

எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும். சின்ன வயதில் சாமியார்களிடம் படித்தவர்.

"தெரியல" என்றார்.

வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தபோது விழித்துக்கொண்டேன். அவர் பாயில் இல்லை. அடுப்படியில் பால் தூக்கும் இல்லை.

இதையும் கொட்டத்தான் கொண்டுபோய்விட்டார் என்று நினைத்தேன். தலையை முடியக்கூட நிற்காமல், வெறுங்கையோடு ஓடினேன்.

ரப்பர் மரங்களுக்குள் இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஓடையைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். அங்கே மட்டும் வானம் திறந்து வெளுத்திருந்தது.

அவர் அங்கே இருந்தார்.

ஒரு குழியருகே மண்டியிட்டிருந்தார். கையில் தூக்கு சாய்ந்திருந்தது. பால் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்சமாவது எனக்கும் மிச்சம் வைத்திருப்பார், அவர் பக்கத்தில் நானும் மண்டியிடலாம் என்று கிட்டே போனேன்.

அப்போதுதான் மரத்தடியில் இருளாண்டி அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையிலும் பிடித்திருந்தார்.

குழியின் மேல் நின்ற சிலுவை புதிதல்ல. ஒரு மழைக்காலம் நனைந்து கறுத்தது.

அது மீனம்மாவின் குழி.

எங்கள் பிள்ளையின் குழி அவருக்குப் பின்னால் இருந்தது. புது மண். ஒரு சொட்டு ஈரமில்லை.

அவர் தூக்கைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் மீனம்மாவுக்கு விட்டார்.

"நம்ம புள்ளைக்கு?" என்றேன்.

"நம்ம புள்ளைக்கு நான் சொன்னது சொன்னதுதான்."

அதைச் சொல்லும்போதும் அவர் திரும்பவில்லை. முகம் அடுத்தவர் பிள்ளையின் பக்கம் இருந்தது. முதுகு எங்கள் பிள்ளையின் பக்கம் இருந்தது. திரும்பினால் அவரால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

பெத்தவர் அந்த மூன்று நாளும் என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று முந்தின நாள் கேட்டதை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.