கடைசி மாணவி

"ஒற்றைக்கொம்பு எங்க வரும், இரட்டைக்கொம்பு எங்க வரும்? இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சாக்பீஸை மேஜைமேல் போட்டாள். பகல் முழுக்க பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இப்போது இந்த ஆஸ்பத்திரி அக்கா.

"பெட்டிக்கு ஒண்ணு, பேட்டிக்கு இரட்டை. குறில், நெடில். இப்பதானேக்கா சொன்னேன்?"

"சொன்னீங்க. அப்படியும் ஒருத்தருக்கு மண்டையில ஏறலைன்னா, வேற எப்படிச் சொல்றது?"

"ஏறலைன்னா என்னை என்னக்கா செய்யச் சொல்றீங்க? நானும் மனுஷிதானே."

அக்கா சிலேட்டை டீச்சர் பக்கம் திருப்பினாள். அதில் பெட்டியும் பேட்டியும் பிழையில்லாமல்தான் இருந்தன. டீச்சர் அதைப் பார்த்தாள், இருந்த களைப்பில் விளக்கை அணைக்க எழுந்தாள்.

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஒருத்தி சோப்புக் கேன் என்று நினைத்து ஆசிட் கேனை ஊற்றிக் கையைப் பொசுக்கிக்கொண்டபோதுதான் இந்த முதியோர் வகுப்பு களைகட்டியது. கேன்மேல் எழுதியிருந்ததைப் படிக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவளும், கூட வேலை செய்பவர்களும் திமுதிமுவென்று வந்து சேர்ந்தார்கள். உட்காரப் பாய் போதவில்லை.

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். மிச்சம் இந்த அக்கா ஒருத்திதான். எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டு உயிரை வாங்குகிற அக்கா.

அவள் போன கொஞ்ச நேரத்தில் முதியோர் வகுப்புகளின் மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"ஒரே ஒரு ஆளுக்கு ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு டீச்சரா? இன்னையோட மூடிடுங்கம்மா. படிக்கிற ஆசை அவங்களுக்கே இல்லை, நீங்க எதுக்குக் கிடந்து அல்லாடறீங்க?"

டீச்சர் சரியென்று போனை வைத்தாள். தனக்குத்தான் சொல்லித்தரத் தெரியவில்லை என்று அவளுக்கு எப்போதோ தோன்றிவிட்டது. பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தியபோது, மனசின் ஓரத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிதான் அவளை ராத்திரி தூங்க விடவில்லை.

அக்காவிடம் மட்டும் நேரில் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிப்போகக் கூடாது. எரிந்து விழுந்ததற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுநாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

"சலவைக் கூடம் எங்கங்க?"

"பின்பக்கம் போங்க," என்றார் காவலாளி. "காலை ஷிஃப்ட் இப்பதான் முடிஞ்சுது. மதிய ஷிஃப்ட்காரங்களும் முன்னாடியே வந்தாச்சு. அவங்களை மதிய ஷிஃப்ட்டுக்கு மாத்தினதுலேர்ந்து சாயங்காலம் எங்கயும் போக முடியலையாம், பாவம். அதான் இந்த நேரத்துல கூடிடறாங்க."

எதற்குக் கூடுகிறார்கள் என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

கூடத்து வாசலில் ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. மெஷின்கள் ஓய்ந்திருந்தன. அழுக்கு மூட்டைகளைத் தாண்டி, துவைத்த போர்வைகள் தொங்கும் கொடிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. டீச்சர் ஒரு போர்வையை விலக்கினாள்.

தரை முழுக்கப் பெண்கள். கை பொசுங்கியவள் முன்வரிசையில் இருந்தாள். நின்றுபோனவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால், டீச்சர் கண்ணிலேயே பட்டிராத முகங்கள். எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அக்கா இவளுக்கு முதுகைக் காட்டியபடி சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் போர்வையைப் பிடித்தபடியே நின்றாள்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அவளை அண்ணாந்து பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டு, தரையைத் தட்டிக் காட்டிக் கிசுகிசுத்தாள்.

"புதுசா சேர வந்தீங்களாம்மா? கூச்சப்படாம உக்காருங்க, எங்க டீச்சர் யாரையும் திட்ட மாட்டாங்க."