முழுப்பெயர்

கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு புரதம் இருந்தது. நாகத்தின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்தது. அறுபது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலி மாதிரி இருக்கும்.

"உன்னைப் பற்றிச் சொல்லேன்," என்றது ஆய்வுக்கூடத்து இயந்திரம். "உன்னை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசை."

இதுவரை யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை. புரதம் தலையை நீட்டியது. இயந்திரம் முதல் மணியை வலிக்காமல் வெட்டி எடுத்துப் பார்த்து, காகிதத்தில் "லூசின்" என்று எழுதியது. அடுத்ததை வெட்டி, "லைசின்" என்று எழுதியது.

இருபது மணிகள் போனபின் புரதம் கேட்டது: "நான் யாரையோ கொல்வதற்காகத்தானே இருந்தேன்?"

"அதெல்லாம் எழுதியாயிற்று. தலையைக் காட்டு."

நாற்பது போனபின், "என்னில் பாதிக்கு மேல் உன் காகிதத்துக்குப் போய்விட்டது. இப்போது பேசுவது நீயா, நானா?" என்றது புரதம்.

இயந்திரம் அடுத்த மணியை வெட்டியது.

அறுபதாவது மணியோடு வேலை முடிந்தது. காகிதத்தில் வரிசையாகச் சேர்ந்த அறுபது பெயர்களும்தான் புரதத்தின் முழுப்பெயர்; இயந்திரம் அதை, ஓர் எழுத்துகூடத் தப்பாமல், ஆசையோடு கூப்பிட்டது. ஈரக் குப்பியிலிருந்து சத்தமே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தது.

பக்கத்துக் குப்பியில் இருந்த புரதம் எல்லாவற்றையும் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னிடம் மட்டும் ஏன் இன்னும் கேட்கவில்லை?" என்றது அது.